கைத்தையலும் கொடையின் மதிப்பும்

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் முன்னோர் சொல்லித் தந்த முறை. முன்னாளில் அந்தக் கையில் பெரிதாக எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஒரு சவர்க்காரக் கட்டி, ஒரு சிறு துவாய், வீட்டிலே தைத்த ஒரு சட்டை போதுமாயிருந்தன. இன்று நிலைமை வேறு. ஞானஸ்நான வீட்டில் அன்பளிப்புகளுக்கென்று ஒரு மேசை போடப்படுகிறது. அதன்மேல் வண்ணக் கடதாசி சுற்றிய பெட்டிகள் குவிகின்றன. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய தள்ளுவண்டி ஒரு மூலையில் நிற்கிறது. அந்த மேசையருகே, கையால் தைத்த ஒரு சிறு கழுத்துத் துணியைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டு வந்த ஒரு சின்னம்மா நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்து வைக்க அவளுக்குக் கூச்சம். கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணுகிறாள்.

அவள் கூச்சப்படுவது நியாயமா? இதுவே நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி. பார்வைக்கு மிகச் சிறிய கேள்விதான். ஆனால் இதற்கு நாம் சொல்லும் விடையில் பலருடைய மானம் தங்கியிருக்கிறது. கொடுக்க ஏற்றதாகக் கையில் ஒன்றுமில்லை என்ற ஒரே காரணத்தால் உறவினர் வீட்டு நன்மை தின்மைகளுக்குப் போகாமலே விட்டவர்கள் நம் ஊர்களில் பலர். அன்பைக் காட்டுவதற்கென்று ஏற்பட்ட வழக்கம் அன்புள்ளவர்களையே வாசலுக்கு வெளியே நிறுத்துமானால், அந்த வழக்கத்தை ஒருமுறை நிறுத்தி விசாரிக்கத்தான் வேண்டும்.

பழையதும் புதியதும்

'பிப்' என்று நம் வீடுகளில் ஆங்கிலப் பெயராலேயே வழங்கும் இந்தக் கழுத்துத் துணி நம் பழைய உடுப்பன்று. குழந்தையின் வீணீரைத் துடைக்க நம் பாட்டிமார் வைத்திருந்தது தோளிலே போட்ட பழந்துணிதான். பல முறை தோய்த்து மெதுவாகிப்போன வேட்டியும் பருத்திச் சேலையுமே குழந்தைக்கு முதல் உடுப்பாயின. பழந்துணி உறுத்தாது, நீரை நன்றாக உறிஞ்சும். வறுமையினால் மட்டும் அப்படிச் செய்தார்களென்று நினைப்பது தவறு. அதில் அறிவும் இருந்தது.

குழந்தை பிறக்கும் முன்னே அதற்கு உடுப்பு வாங்கி வைக்கக் கூடாது என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. இன்றும் பல வீடுகளில் இதைக் கைக்கொள்கிறார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் 1940களின் நடுப்பகுதியில் இலங்கையிலே பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் நூறுக்கு மேற்பட்டவை ஒரு வயதைக் காணாமலே இறந்தன. தைத்து வைத்த சட்டையைப் போட ஆளில்லாமல் மடித்து வைத்த தாய்மாரின் துயரத்திலிருந்து பிறந்த எச்சரிக்கை அது. இன்று அந்தத் தொகை பத்துக்கும் குறைந்துவிட்டது. மருத்துவமாதுகளும் குடும்பநல ஊழியர்களும் தடுப்பூசியும் தாய்மாரின் படிப்பும் சேர்ந்து செய்த பெரும் காரியம் இது.

அச்சம் குறைந்தபடியால், பிறப்பதற்கு முன்னரே தாயை நடுவில் இருத்திப் பரிசு கொடுக்கும் மேல்நாட்டு வழக்கமும் நம்மவர்களிடையே வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அமெரிக்காவில் பரவிய இவ்வழக்கம், புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் வழியாகத் தொரன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இங்கே வந்தது. அங்கே பெற்றோர் தமக்கு வேண்டிய பொருள்களைக் கடையிலே பட்டியலாக எழுதிக் கொடுத்துவிடுவார்களாம். போகிறவர் பட்டியலில் ஒன்றைத் தெரிந்து பணத்தைக் கட்டினால் போதும். நம் நாட்டிலும் 1977இல் இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டபின் ஆயத்த உடுப்புகள் மலிந்தன. தையல் இயந்திரம் பல வீடுகளில் மூடி போட்ட மேசையாகிவிட்டது.

கொடை என்பது யாது?

இந்நிலையில் கைத்தையலுக்கு என்ன மதிப்பு என்று கேட்குமுன், கொடை என்பது என்னவென்று தெளிவாக வேண்டும்.

உரோமை ஞானி செனெக்கா, நன்மை செய்தலைப் பற்றி எழுதிய நூலிலே, நன்மை கையால் தொடக்கூடியதன்று, அது கொடுப்பவனுடைய மனத்தில் உள்ளது என்று விளக்குகிறார். பொருள் அந்த மனத்தின் அடையாளம் மட்டுமே. பொருள் தொலையலாம், கிழியலாம். கொடுக்கப்பட்ட நன்மை அழிவதில்லை. புனித தோமஸ் அக்குவினாஸ், அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி, திருப்பிப் பெறும் எண்ணமின்றித் தரப்படுவதே கொடை என்கிறார். அப்படி இலவசமாகத் தருவதற்குக் காரணம் அன்பு. ஆகையால் நாம் முதலாவதாகக் கொடுப்பது அன்பையே. மற்றவை யாவும் அதன் வழியாகக் கொடுக்கப்படுகின்றன என்பது அவர் காட்டும் முடிவு. நம் வள்ளுவரும் ஈகை அதிகாரத்தின் முதற் குறளிலேயே, இல்லாதவர்க்குக் கொடுப்பதைத் தவிர மற்றக் கொடைகள் யாவும் எதிர்பார்ப்புள்ளவை என்று கறாராகப் பிரித்துவிடுகிறார்.

இவர்கள் சொல்வது கொடை எப்படி இருக்க வேண்டும் என்பது. அது உலகில் எப்படி இருக்கிறது என்பதை 1925இல் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மௌஸ் எழுதினார். பசிபிக் தீவுகளிலும் வட அமெரிக்கக் கரையோரங்களிலும் வாழ்ந்த மக்களின் வழக்கங்களை ஆராய்ந்து, கொடையிலே மூன்று கடமைகள் பின்னிக் கிடப்பதாக அவர் கண்டார்: கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், திருப்பிச் செய்ய வேண்டும். இதைப் படிக்க நாம் பசிபிக் தீவுக்குப் போக வேண்டியதில்லை. யார் என்ன தந்தார் என்று விருந்து முடிந்த இரவே கொப்பியில் எழுதி வைக்கும் வழக்கம் நமக்குத் தெரியும். 'அவர்கள் எங்கள் பிள்ளைக்கு இவ்வளவு செய்தார்கள், நாங்களும் குறையாமல் செய்ய வேண்டும்' என்ற பேச்சு நம் வீடுகளில் கேட்காததன்று. அதிலே முறைப்பாடு சொல்ல ஒன்றுமில்லை. உறவு தொடர்வதற்கு அதுவும் ஒரு வழிதான். ஆனால் கணக்கு முதலிடத்துக்கு வந்து அன்பு பின்னே போகும்போது அது கொடையின் பெயரில் நடக்கும் கடனாகிவிடுகிறது.

கைத்தையல் பிப்பிலே உள்ள ஒரு நன்மை இங்கே தெரிகிறது. அதைக் கொப்பியில் எந்த இடத்தில் எழுதுவது? அரை யார் பருத்தித் துணி, ஒரு துண்டுத் துவாய், ஒரு நூற்பந்து என்று கணக்கிட்டால் தொகை மிகச் சிறியது. இரண்டு மாலைப்பொழுது என்று கணக்கிட்டால் அதற்குத் தொகையே இல்லை. விலை சொல்ல முடியாத காரணத்தால் அது கடன் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறது.

பொருளியலாரின் ஆட்சேபம்

இதற்கு மறுப்பும் உண்டு. 1993இல் ஜோயல் வோல்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் நத்தார் பரிசுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வாங்கிய பரிசுக்குக் கொடுத்தவர் செலவிட்ட பணத்தையும், பெற்றவர் அதற்கு மதிக்கும் தொகையையும் மாணவர்களிடம் கேட்டு ஒப்பிட்டார். பரிசின் விலையில் பத்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை வீணாகப் போகிறது என்பது அவர் கண்ட முடிவு. பெற்றவருக்கு வேண்டியது என்னவென்று கொடுத்தவருக்குத் தெரியாதபடியால் இந்த வீண். அப்படியானால் காசாகவே கொடுத்துவிடலாமே, எதற்காகத் தைத்து மினக்கெடுவது என்று சிலர் கேட்பார்கள்.

இந்த ஆட்சேபத்தைச் சிரித்துத் தள்ளக் கூடாது. பிறந்த வீட்டில் பால்மாவுக்கும் மருந்துக்கும் காசு தட்டுப்பாடாக இருக்கும்போது பூவேலை செய்த துணியைக் கொண்டுபோய் நீட்டுவது அன்புமன்று, அறிவுமன்று. அங்கே காசைக் கையில் வைத்து மூடிவிட்டு வருவதே மேலான கொடை. பட்டியல் எழுதிக் கொடுக்கும் வழக்கத்திலும் இந்த ஒரு நியாயம் இருக்கிறது: தேவையை மதிப்பது.

ஆயினும் அந்த ஆராய்ச்சியிலே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பரிசின் மேல் உள்ள பாசத்தின் மதிப்பைச் சேர்க்காமல் விலை சொல்லுங்கள் என்றே மாணவர்கள் கேட்கப்பட்டார்கள். சந்தைக் கணக்குக்கு அது சரியாயிருக்கலாம். ஆனால் பாசத்தை நீக்கிவிட்டு ஒரு கொடையை மதிப்பது, உப்பை நீக்கிவிட்டுக் கடலை அளப்பது போன்றதல்லவா? தைப்பவள் கொடுப்பது துணியை மட்டுமன்று. தன் ஆயுளில் திரும்பி வராத சில மணித்தியாலங்களை அவள் கொடுக்கிறாள். காசு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரு நாளுக்கு இருபத்துநான்கு மணித்தியாலங்களே. அதிலிருந்து கொடுப்பதில் ஏழை, பணக்காரர் என்ற ஏற்றத்தாழ்வு சற்றுக் குறைகிறது. அந்த மணித்தியாலங்களில் அவள் மனம் எங்கே இருந்தது? இன்னும் முகம் பார்க்காத ஒரு குழந்தையிடத்தில் இருந்தது. சாமுவேலின் தாய் அன்னா, கோவிலிலே விட்டு வந்த தன் மகனுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு அங்கி செய்து கொண்டுபோனதாக வேதாகமம் கூறுகிறது. ஓர் ஆண்டில் அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அளவு பாராமலே எண்ணியல்லவா அவள் அதைச் செய்திருக்க வேண்டும்? யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டு இராயப்பருக்கு எடுத்துக் காட்டியவை அவள் செய்து தந்த உடுப்புகளே. அவளைப் பற்றிப் பேச அவர்களிடம் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கையின் பெருமையும் அதன் ஆபத்தும்

இவ்வளவும் சொன்னபின், கையால் செய்தது எப்போதும் உயர்ந்தது, கடையில் வாங்கியது எப்போதும் தாழ்ந்தது என்று முடித்துவிடலாமா? முடியாது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, கைத்தையலும் தற்பெருமைக்குக் கருவியாகலாம். குழந்தையை எண்ணித் தைக்கத் தொடங்கியவர், வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று எண்ணித் தைத்து முடிப்பதுண்டு. 'இது கடையில் வாங்கினது இல்லை, நானே தைத்தது' என்று நாலு தரம் சொல்லிக் கொடுத்தால், அந்தக் கொடையின் பெரும்பகுதியைக் கொடுத்தவரே திருப்பி எடுத்துக்கொள்கிறார்.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. கடையில் தொங்கும் பிப்பும் ஒரு கையால் தைக்கப்பட்டதே. துணியை நிறுத்தி, திருப்பி, ஊசியின் கீழ்த் தள்ளும் கை இல்லாமல் எந்த இயந்திரமும் ஒரு சட்டையைத் தைத்துவிடாது. 1978இல் கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது முதல், இந்நாட்டின் எத்தனையோ ஆயிரம் இளம் பெண்கள் நாள் முழுவதும் குனிந்து உடுப்புத் தைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பி வருகிறார்கள். 2009இல் போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் எழுந்தன. நம் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் திகதி வங்காளதேசத்தின் சாவார் நகரில் றாணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தபோது ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் உடுப்புத் தைக்க வந்தவர்கள். சுவரிலே வெடிப்புக் கண்டபின்னும் அவர்களை வேலைக்கு அழைத்திருந்தார்கள். மேல்நாட்டுக் கடைகளில் மலிவாகத் தொங்கிய உடுப்புகளின் விலைச்சீட்டில் அந்த ஆபத்து எழுதப்படவில்லை.

ஆகவே 'கைவேலை', 'கடைவேலை' என்று பிரிப்பது சரியான பிரிவன்று. முகம் தெரிந்து தைக்கும் கை ஒன்று. முகம் தெரியாமல், எண்ணிக்கைக்காக, நேரக் கணக்குக்காகத் தைக்கும் கை மற்றொன்று. வேறுபாடு அங்கேதான். ஒரு பிப்பைத் தானே இருந்து தைத்தவளுக்கு ஒரு நன்மை கிடைக்கிறது: வளைந்த கழுத்து விளிம்பைச் சுருக்கமின்றித் தைக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அவள் அறிந்துகொள்கிறாள். அதன்பின் கடையில் அதே துணி மிக மலிவாகக் கிடைப்பதைக் கண்டால், 'ஆகா, மலிவு' என்று மட்டும் நினைக்க அவளால் முடியாது. 'இதைத் தைத்தவளுக்கு என்ன கிடைத்திருக்கும்?' என்ற கேள்வியும் கூட வரும். ஒரு சிறு கைவேலை ஒருவருக்கு நீதியைப் பற்றிய கண்ணைத் திறக்குமானால், அந்த வேலை வீண்போகவில்லை.

அதேபோல, மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து, தன் குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, அங்கிருந்து ஒரு பெட்டி உடுப்பு வாங்கி அனுப்பும் பெண்ணின் கொடையைக் 'கடைச்சாமான்' என்று யாரும் குறைத்துப் பேசக் கூடாது. அவள் தந்ததும் மணித்தியாலங்களே. அவை முதலில் சம்பளமாகி, பின்பு துணியாகி வந்தன, அவ்வளவே.

அன்புக்கு அறிவும் வேண்டும்

நல்லெண்ணம் இருந்தால் போதும் என்பது நம்மிடையே உள்ள மற்றொரு தவறான கருத்து. பிறருக்கு நன்மை விரும்புகிறவர் அந்த நன்மை எதுவென்று அறிந்திருக்கவும் வேண்டும். பிப் தைப்பது இதற்கு நல்ல உதாரணம்.

அழகுக்காக முத்தும் மணியும் சிறு தெறிகளும் கோத்துத் தைத்தால் பார்வைக்கு நன்றாயிருக்கும். ஆனால் பல் முளைக்கும் காலத்தில் குழந்தை கைக்கு எட்டியதை எல்லாம் வாய்க்குள் வைக்கும். கழன்ற தெறி ஒன்று தொண்டையில் அடைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டுவதற்கு நீளமான நாடா வைப்பதும் ஆபத்து. அது எங்காவது சிக்கி இறுகக் கூடும். இழுத்தால் தானாகக் கழன்று வரும் பூட்டே நல்லது. குழந்தை உறங்கும்போது பிப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பதைக் கொடுப்பவரே தாய்க்கு நினைவூட்டலாம். பருத்தித் துணி முதற் தோய்ப்பில் சுருங்கும்; ஆகவே வெட்டுமுன் தோய்த்துக் காயவிட வேண்டும். மேலே பருத்தி, கீழே துவாய்த் துணி வைத்தால் வீணீர் சட்டைக்கு ஊறாது. உட்புறம் முரட்டு விளிம்பு விட்டால் மெல்லிய கழுத்து சிவந்துபோகும். தைத்து முடித்தபின் குண்டூசிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடி எடுக்கும்வரை அந்தத் துணியைக் கொடுக்கக் கூடாது.

முதல் ஆறு மாதமும் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே முதல் மாதங்களில் பிப் வேண்டியிருப்பது கக்கும் பாலுக்கும் வீணீருக்குமே. சோறு மசித்துக் கொடுக்கத் தொடங்கும்போது சற்றுப் பெரிதாகவும் தடிப்பாகவும் வேண்டும். ஒரு நாளுக்கு ஒன்று போதாது. எனவே, பூவேலை நிறைந்த ஒரே ஒரு பிப்பிலும், வெறும் வெள்ளைத் துணியில் உறுதியாகத் தைத்த ஆறு பிப்புகள் தாய்க்குக் கூடிய உதவி. இப்படியெல்லாம் எண்ணிப் பார்ப்பதே அன்பின் வேலை. கொடுப்பவர் தன் திறமையைக் காட்டும் ஆசையை அடக்கிக்கொண்டு, பெறுபவரின் நாளாந்த வேலையை மனத்தில் வைத்துத் தைக்கும்போது அங்கே ஒரு சிறிய துறவு நிகழ்கிறது.

வாங்குபவரின் கடமை

கொடுப்பவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நீதியாகாது. வாங்குவதும் ஓர் அறம். அதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது குறைவு.

மேசையில் பெட்டிகளைப் பிரிக்கும்போது விலைகூடியதைத் தூக்கிக் காட்டி, சிறியதை ஓரத்தில் தள்ளிவிடும் கையைச் சின்னம்மா கண்டால் அவள் மனம் என்ன பாடுபடும்? அடுத்த விருந்துக்கு அவள் வருவாளா? பெயர் சொல்லி எல்லார் முன்னும் பிரித்துக் காட்டும் வழக்கத்தையே கைவிட்டால் நல்லது. யார் கொடுத்தாலும் ஒரே முகத்தோடு வாங்க வேண்டும். பிரிப்பதைப் பின்னர் தனியே வைத்துக்கொள்ளலாம். கைத்தையலை மெச்சுவதானாலும் அளவோடு மெச்ச வேண்டும். ஏழையின் கொடையை அளவுக்கு மீறிப் புகழ்வதிலும் ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கிறது.

பின்னொரு தவறு, நல்லதென்று அலுமாரியில் பூட்டி வைப்பது. 'இவ்வளவு வடிவாகத் தைத்திருக்கிறாள், ஊத்தையாகிவிடும்' என்று மடித்து வைத்து, குழந்தை வளர்ந்தபின் எடுத்துப் பார்ப்பதால் யாருக்கு நன்மை? சட்டை, தொப்பி, காலுறை எல்லாம் ஊத்தை படாமல் இருக்க வேண்டியவை. பிப் ஒன்றே ஊத்தை படுவதற்கென்று தைக்கப்படுவது. மற்ற உடுப்புகள் சுத்தமாயிருக்க வேண்டுமென்று தன்மேல் அழுக்கை ஏற்றுக்கொள்வதே அதன் தொழில். கறை பிடித்து, தோய்த்து, கொடியில் காய்ந்து, திரும்பவும் கறை பிடித்து, சில மாதங்களில் நைந்து போகும் பிப்பே தன் கடமையைச் செய்த பிப். அதைத் தைத்தவளுக்கு நன்றி சொல்ல விரும்பும் தாய், அதைக் குழந்தையின் கழுத்தில் கட்டிய நிலையிலே அவள் கண்ணில் படச் செய்தால் போதும்.

இந்தக் குழந்தை வளர்ந்தபின் அந்தத் துணியை நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. நன்றி சொல்லப் போவதுமில்லை. பெறுபவருக்கே தெரியாமல் கொடுக்கும் கொடை இதுவென்றால் மிகையாகாது. திருப்பித் தர இயலாதவருக்குத் தருவது எதுவோ அதுவே கொடை என்று பெரியோர் வகுத்த இலக்கணத்துக்கு, பால்மணம் மாறாத ஒரு குழந்தையைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆகவே சின்னம்மா கூச்சப்பட வேண்டியதில்லை. கூச்சப்பட வேண்டியவர்கள் இருந்தால், அவளைக் கூச்சப்பட வைத்த நாமே. நம் குடும்பங்களில் ஒரு சிறு தீர்மானம் செய்துகொள்வோம். விருந்துக்கு அழைக்கும்போது, 'வரும்போது ஒன்றும் கொண்டுவர வேண்டாம், வந்தாலே போதும்' என்று வாய்க்கு மட்டும் சொல்லாமல், அது உண்மையென்று நடந்தும் காட்டுவோம். பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, ஊசியில் நூல் கோக்கவும் ஒரு விளிம்பை மடித்துத் தைக்கவும் பழக்குவோம். உறவிலோ அயலிலோ ஒரு குழந்தை வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், வீட்டில் கிடக்கும் மெதுவான பருத்தித் துணியை எடுத்துத் தோய்த்துக் காயவிடுவோம். மிச்சத்தை ஊசியும் இரண்டு மாலைப்பொழுதும் பார்த்துக்கொள்ளும்.